கறுப்பிக்கு இப்போதைக்கு ஓர் அறை போதும்

சிம்பாங் அம்பாட் செம்பனைத் தோட்ட ஓரத்திலிருந்து தூக்கி வந்த பூனை கறுப்பிக்கு முழு வீட்டையும் திறந்துவிடவில்லை. ஒரே அறை. மூலையில் மணல் தட்டு, அதிலிருந்து எட்டத்தில் சாப்பாடும் தண்ணீரும். முக்கியமானது அங்கே வைத்த மைலோ அட்டைப்பெட்டிதான். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகளுக்குப் பதற்றம் சீக்கிரம் தணிந்ததை நெதர்லாந்தில் 2014இல் ஆய்வு செய்தே காட்டினார்கள். அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கையை உள்ளே விட்டு இழுக்காதீங்க. தரையில் உட்காருங்க, முறைக்காமல் கண்ணை மெதுவாக மூடித் திறங்க. இப்படிச் செய்கிறவரிடம் பூனை நெருங்கி வருவதை 2020இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வும் சொன்னது. நேற்று கறுப்பியும் பதிலுக்குக் கண்ணை மூடித் திறந்தாள். வெள்ளைப் பாதம் ஒன்று பெட்டிக்கு வெளியே வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது! உடம்பு தேறட்டும், கருத்தடைக்குக் கூட்டிப் போகணும். அதுவரை கம்பி வலை அடிக்காத ஜன்னலை யாரும் திறக்க வேண்டாம்.