கைப்பிடி மட்டும் கிடைக்குமா?

கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஹார்டுவேர்ஸ் கடைகளில் காலை நேரம் சிமென்ட்டுக்கும் முறுக்குக் கம்பிக்கும் உரியது. மேஸ்திரிகள் சீட்டோடு வருவார்கள், மினி லாரி வந்து நிற்கும், கடைக்காரர் தலை நிமிர மாட்டார். அந்த அமளி அடங்கி வெயில் ஏறிய பிறகு வருகிறவர்கள் வேறு ரகம். கையில் சுருட்டிய கேரி பேக், அதற்குள் உடைந்த ஏதோ ஒன்று. குழாயின் தலை, தாழ்ப்பாளின் கொண்டி, பாதி நேரம் கழிப்பறை ஃப்ளஷ் டேங்கின் கைப்பிடி.

"இது மட்டும் கிடைக்குமாண்ணே?"

கடைக்காரர் அதை வாங்கி, பின்பக்கம் இருக்கும் சதுரத் துளையை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். எந்தக் கம்பெனி டேங்க் என்று கேட்பார். தெரியாது என்பார்கள். எப்போது போட்டது என்றால், வீடு கட்டினப்போ என்று பதில் வரும். பிறகு அவர் சொல்வது எல்லோருக்கும் ஒன்றுதான்: "தனியா வர்றதில்ல. முழு செட்டாத்தான் வருது."

செட் என்றால் தொட்டிக்குள் இருக்கிற அத்தனையும். சைஃபன், மிதவை, பால் வால்வு, கம்பி, வாஷர், கடைசியில் அந்தக் கைப்பிடி. உடைந்தது ஒரு விரல் நீளம், வாங்க வேண்டியது ஒரு பை நிறைய. சிலர் முகம் சுளித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். சிலர் கைப்பிடியை மறுபடி சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். திரும்பிப் போகிற வீடுகளில் டேங்க் அன்றோடு ஓய்வு பெறும்; பக்கெட்டும் மக்கும் பதவிக்கு வரும். இதற்கு நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கடைக்காரர் கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் கவிழ்ப்பார். நட்டு, வாஷர், லீவர், அரைக் கைப்பிடிகள். "தேடிப் பாருங்க. அமைஞ்சா எடுத்துக்குங்க, டீக்காசு குடுங்க."

அந்த டின்னுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் பிளம்பர் அறிமுகமானார். ஐம்பதைத் தொடும் வயது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி, முன்னால் கட்டைப்பை, அதற்குள் பைப் ரெஞ்ச், கட்டிங் பிளேயர், ஆக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப். கூட வரலாமா என்று கேட்டேன். "இதுல இன்னா சார் இருக்குது பாக்க? கக்கூஸ் வேலை" என்று சிரித்தார். ஆனால் பின்சீட்டைக் கையால் துடைத்தார்.

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற ஊர் இது. செய்யூர் வட்டம், இடைக்கழிநாடு பேரூராட்சி. மேற்கே போனால் வயலும் தர்ப்பூசணியும், கிழக்கே சவுக்குத் தோப்பும் கழிமுகமும் கடலும். காற்றில் எப்போதும் உப்பு. அது எவ்வளவு உப்பு என்பது முதல் வீட்டிலேயே தெரிந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் வீடு. மேலை நாட்டுக் கழிப்பறை, சுவரில் பி.வி.சி. டேங்க். பளபளவென்று குரோம் பூசிய கைப்பிடி பாதியில் முறிந்து, முறிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பிளம்பர் அதை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெளியே குரோம், உள்ளே 'வைட் மெட்டல்' என்று கடைகளில் சொல்லும் துத்தநாகக் கலவை. குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கடற்காற்றின் குளோரைடு அதன் வழியே உள்ளே போய் துத்தநாகத்தை அரிக்கிறது. மேலே மினுமினுப்பு அப்படியே இருக்க, உள்ளே மாவாகிவிடுகிறது. பித்தளை பரவாயில்லை, ஆனால் அதிலும் நாள்பட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு நிறத்தில் பொறை பொறையாக மிஞ்சும். எவர்சில்வரில் மலிவான 202 ரகம் இங்கே சீக்கிரம் துருப்புள்ளி காட்டும், 304 அதைவிடத் தாங்கும், மாலிப்டினம் கலந்த 316 இன்னும் தாங்கும். ஆனால் ஃப்ளஷ் கைப்பிடிக்கு யார் 316 போடுவார்கள்? "சாதா வெள்ளை பிளாஸ்டிக்தான் சார் நம்ம ஊருக்கு ராசி" என்றார் அவர். அழகு பார்த்து வாங்கியவர்கள்தான் அவருடைய முதல் வாடிக்கையாளர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் அவர் ஆசிரியரையே கூப்பிட்டார். "சார், இத நீங்களே பண்ணலாம். ஒருவாட்டி பாத்துக்குங்க, அடுத்த தடவ என்னைய தேட வேணாம்." தொழிலுக்கு இடைஞ்சலாக இப்படிப் பேசும் தொழிலாளியை நான் அதிகம் கண்டதில்லை. காரணம் பிறகு சொன்னார்: இந்தச் சின்ன வேலைக்குப் பெட்ரோல் போட்டு வந்து நின்றால் கூலி கேட்கவும் கூச்சம், கேட்காமல் போகவும் முடியாது.

முதலில் டேங்கின் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை மூடினார். அதுதான் பாதி வீடுகளில் சிக்கல். வருடக்கணக்கில் தொடாததால் உப்புப் படிந்து இறுகிப் போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் காக்கே கையோடு வந்து, கழிப்பறை குளமாகும். அசையாவிட்டால் மாடிக்குப் போய் மேல்தொட்டி வால்வை மூடிவிட்டு வருவதே புத்தி. பிறகு மூடியைத் தூக்கினார். உள்ளே பழுப்பு நிறப் படிவம், மிதவையின் மேல் ஒரு பல்லி முட்டை ஓடு. கைப்பிடியின் தண்டு டேங்கின் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. அதன் முனையில் லீவர். லீவரின் நுனியில் ஒரு வளைந்த கம்பிக் கொக்கி. கொக்கி சைஃபனின் தண்டைப் பிடித்திருக்கிறது. கொக்கியை விடுவித்து, லீவரை உருவி, உள்பக்க நட்டைத் திருகினார், வழக்கத்துக்கு எதிர்த் திசையில். "சில டேங்குல எதிர் மரை. தெரியாம நம்ம பக்கம் திருப்புனா இன்னும் இறுகும், கடைசில வெட்டித்தான் எடுக்கணும்." கைப்பிடியை அழுத்த அழுத்த நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

புதிய கைப்பிடியைச் செருகி, வாஷர் போட்டு, நட்டைக் கையாலேயே இறுக்கினார். ஸ்பேனரை எடுத்துக் கால் சுற்று மட்டும் கொடுத்தார். நிறுத்திவிட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மறுபடி தொடவில்லை. பீங்கான் டேங்காக இருந்தால் அந்தக் கால் சுற்றும் கூடாதாம். ஆர்வக் கோளாறில் இறுக்கி, துளையிலிருந்து விரிசல் ஓடி, நூறு ரூபாய் வேலைக்கு டேங்கையே மாற்றிய வீடுகளை அவர் பார்த்திருக்கிறார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் சைஃபனையும் கழற்றினார்.

"கைப்பிடி தானா உடையல சார். உடைக்க வெச்சிருக்காங்க."

சைஃபன் என்பது டேங்குக்குள் கவிழ்த்து வைத்த வளைகுழாய். கைப்பிடியை அழுத்தினால் லீவர் ஒரு தட்டை மேலே தூக்குகிறது. தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது தண்ணீரை அள்ளி வளைவுக்கு மேலே தள்ளும். தள்ளிய தண்ணீர் மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் பின்னால் இருப்பதையெல்லாம் தானே இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தாள் கிழிந்துவிட்டால் தண்ணீர் ஏறாமல் ஓட்டை வழியே வழுக்கிவிடும். ஒரு அழுத்தில் போகாது. மனிதர் என்ன செய்வார்? இரண்டு, மூன்று, நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கூடுதல் கோபத்தோடு அழுத்துவார். அந்தக் கோபம் முழுவதும் வந்து சேருகிற இடம் கைப்பிடியின் சதுரத் துளை. ஆசிரியர் வீட்டுத் தாள் நடுவில் கிழிந்திருந்தது. பிளம்பர் பையிலிருந்து தடித்த பாலிதீன் தாளை எடுத்து, பழையதை மேலே வைத்து பேனாவால் வரைந்து, கத்தரியால் வெட்டினார். கடையில் முழு செட்டாக மட்டும் விற்கும் பொருளின் பழுதான பாகம் ஒரு தாள் துண்டு.

இந்த சைஃபன் நமக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. தாமஸ் கிராப்பர் ஃப்ளஷ் கழிப்பறையைக் கண்டுபிடித்தார் என்பது நிலைத்துவிட்ட கதை. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சைஃபன் டேங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்றவர் ஆல்பர்ட் கிப்ளின். பிரிட்டன் இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அடியில் ரப்பர் மூடி வைத்த டேங்க் மூடி தேய்ந்தால் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். சைஃபனில் மூடியே கிடையாது, தூக்கிவிட்டால் ஒழிய தண்ணீர் போகாது. 1999இல் விதிகளை மாற்றி, 2001 முதல்தான் அங்கே மூடி வைத்த டேங்குகளை அனுமதித்தார்கள். ஆக, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற அமைப்புதான் கையின் பலத்தை அதிகம் கேட்கிறது, கைப்பிடியையும் அதிகம் உடைக்கிறது. நம் தரக்குறியீட்டுக் கணக்கில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் அதில் 45 லிட்டர் ஃப்ளஷ்ஷுக்கே போகிறது. கடற்கரை மணலில், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் நன்னீரை மோட்டார் போட்டு எடுக்கும் ஊருக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது வீடு ஆலம்பரைக் குப்பத்தில். அங்கிருக்கும் கோட்டைக்குப் போகிற பாதையில் இறங்கியதும் செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த மதில் துண்டுகள் தெரிகின்றன. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் உடைத்த கோட்டை. 2004 சுனாமியும் அதன் பங்குக்குச் சேதம் செய்தது. "சுண்ணாம்பு நிக்குது பாருங்க. நம்ம குரோம் ரெண்டு வருஷம் நிக்கல" என்று வண்டியை ஓட்டியபடியே சொன்னார்.

குப்பத்து வீட்டில் கைப்பிடி வேலையே இல்லை. மிதவை மாற்றத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் கைப்பிடி இருந்த துளையில் கைப்பிடி இல்லை. அதன் வழியாக ஒரு தங்கூசி நரம்பு வெளியே தொங்கியது, நுனியில் வலையின் மிதவைக் கட்டை. வீட்டு ஆயா இழுத்துக் காட்டினார். ஒரே இழுப்பில் மொத்தத் தண்ணீரும் இறங்கியது. உள்ளே பார்த்தால் நரம்பை நேராகச் சைஃபன் தண்டில் கட்டவில்லை. டேங்கின் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அதன் மேல் நரம்பு ஏறி இறங்குகிறது. கீழ்நோக்கி இழுத்தால் தண்டு மேலே போகும். முடிச்சு வலைக்காரர் முடிச்சு, வழுக்காதது.

"எம்புள்ள கட்டிக் குடுத்தான். கடையில முழுசா வாங்கச் சொன்னாங்க, ஏன் வாங்கணும்?" என்றார் ஆயா.

பிளம்பர் நரம்பைச் சுண்டிப் பார்த்தார். உப்பு இதை ஒன்றும் செய்யாது, குழாய்த் துண்டில் உரசும் இடம் மட்டும் தேயும், அதையும் மீன்பிடிக்கிறவன் அறிவான் என்றார். குறை சொல்ல ஏதும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்ததோ என்னவோ.

ஒரு கம்பெனிக் கைப்பிடி இன்னொரு கம்பெனி டேங்கில் உட்காராது என்பதுதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. தண்டின் சதுரம் அரை மில்லிமீட்டர் வித்தியாசப்படும், லீவரின் வளைவு மாறும். டேங்கின் கொள்ளளவுக்கும் தண்ணீர் வெளியேறும் வேகத்துக்கும் இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. பிளாஸ்டிக் டேங்குக்கென்றே ஐ.எஸ். 7231 இருக்கிறது. ஆனால் கடைக்காரரின் டின்னில் கிடக்கும் கைப்பிடிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் கழிப்பறைப் பீங்கான் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாடு இந்தச் சாமான்களின் தாய்வீடுகளில் ஒன்று. அந்த வட்டாரத்திலிருந்து சில மணி நேரத் தொலைவில், இங்கே விரல் நீளக் கைப்பிடிக்கு டின்னைக் கவிழ்க்கிறோம். 2022இல் ஒன்றிய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு வழி வகுக்கக் குழு அமைத்தபோது நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். குழாயும் கழிப்பறையும் யார் நினைப்பிலும் வந்ததாகத் தெரியவில்லை. கைப்பேசி உடைந்தால் ஒரு நாள் ஓட்டலாம், இது உடைந்தால் ஓட்ட முடியுமா?

திரும்பும் வழியில் டீக்கடையில் அவர் கூலிக் கணக்கைப் பேசினார். சாலையோர ரிசார்ட்டுகளிலும் புது வில்லாக்களிலும் பெரிய வேலை எல்லாம் கான்ட்ராக்ட்டில் போகிறது. செய்கிறவர்களில் ஒடிசாக்காரர்கள் நிறைய. அவர்கள் மேல் இவருக்குப் பொறாமை இல்லை, மரியாதைதான். ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம் இந்தியா முழுவதற்கும் பிளம்பர்களை அனுப்பும் இடம், அங்கே பட்டாமுண்டையில் இந்தத் தொழிலுக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் உண்டு என்று நான் சொன்னபோது, "அதான் அந்தப் பசங்க ஜாயின்ட் அவ்ளோ சுத்தமா இருக்குது" என்றார். அவர்கள் புதிதாகப் போடுகிறார்கள், இவர் பழையதைப் பார்க்கிறார். புதிதுக்குப் பாயின்ட் கணக்கில் கூலி. பழையதுக்கு வீட்டுக்காரர் மனசுதான் அளவுகோல். கைப்பிடி மாற்றினால் கொடுப்பது போக்குவரத்துக்கே சரியாகிவிடும். ஊரில் இளைஞர்கள் இந்த ரிப்பேர் பக்கம் வராததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு வேலை இருந்தது. ரிசார்ட் ஒன்றில் பழைய டேங்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, சுவருக்குள் மறைத்து வைக்கும் பட்டன் டேங்க் போடுகிறார்கள். புதிதைப் போடப் போவது ஒடிசா குழு, பழையதைக் கழற்றும் வேலை இவருக்கு. கூலி பேசும்போது கழற்றிய உள் சாமான் எல்லாம் எனக்கு என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மேனேஜர் குப்பைதானே என்று சம்மதித்துவிட்டார். டீக்கடைக்காரரிடம் இரண்டு காலி அரிசி மூட்டைச் சாக்கு கேட்டு வாங்கி வண்டியில் சொருகிக்கொண்டார். ஒன்று போதாதா என்றேன். கைப்பிடிக்கு ஒன்று, சைஃபனுக்கு ஒன்று. கலந்து போட்டால் கொக்கி மாட்டிக்கொண்டு உடைந்துவிடும் என்றார்.