கோயில் புல்லுக்கு மருந்தடிக்க வேண்டாம்



மழைக்குப் பிறகு ஆலய வளாகத்துல களை மண்டிப் போச்சு. "ஆள் வச்சு மருந்தடிச்சா ஒரு காலையில முடிஞ்சிடுமே, ஏன் கையால பிடுங்கறீங்க?"ன்னு பலர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான்.

மருந்தடிக்க வர்றவருக்கு அருகம்புல்லும் களைதான். நமக்கு அது பிள்ளையாருக்குச் சாத்துறது. சங்கடஹர சதுர்த்திக்கு இங்கேயே பறிச்சு மாலை கட்டுறோம், சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய் சாறெடுத்தும் குடிக்கிறாங்க. கிளைபோசேட் மாதிரி களைக்கொல்லி இலை வழியா நுழைஞ்சு வேர் வரைக்கும் போகும். உள்ளே போனதைக் கழுவி எடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. பல நாட்டு அரசுகள் அதை ஏத்துக்கல, அந்த விவாதம் இன்னும் ஓயல. சுவாமிக்குச் சாத்துற புல்லுல அந்தச் சந்தேகம் எதுக்கு? அதுவும் வெறுங்காலோட சுத்தி வர்ற இடம், அங்கப்பிரதட்சணம் செய்யற மண்.

இன்னொண்ணு. நம்ம தொண்டர்கள்ல சில அம்மாமார்கள் அந்தக் காலத்துல தோட்டத்துல மருந்தடிச்சவங்க. முதுகுல தோம்பு, கையுறை கிடையாது. நகம் கழண்டு விழுந்ததையும் மூக்குல ரத்தம் வந்ததையும் அவங்க சாதாரணமா சொல்வாங்க, கேக்கற நமக்குத்தான் பதறும். அப்போ அடிச்சது பெரும்பாலும் பாராகுவாட். குடிச்சிட்டா முறிவு மருந்தே இல்லாத விஷம். ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, இந்தப் பெண்களின் நிலையை ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-ல் தான். 2014-ல் மறைந்த அம்மையார் அதைப் பார்க்கல. அந்த அம்மாமார்கள் கண் முன்னாடி கோயில்லயே தோம்பைத் தூக்கச் சொல்ல நமக்கு மனசு வரல.

சரி, செய்யறது என்ன? மழை விட்ட மறுநாள் மண் இளகி இருக்கும், களை வேரோட வரும். நடைபாதைக் கல் இடுக்குல அன்னதானச் சமையலறையிலிருந்து கொதிக்கிற தண்ணியை ஊத்தறோம் (பிள்ளைங்க பக்கத்துல இல்லாதப்போ மட்டும்). புல்லை ஒட்ட வெட்டாம மூணு அங்குலம் விடறோம், நிழல்ல களை முளைக்கிறது குறையும். செம்பருத்தியில மாவுப்பூச்சி வந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலம் தெளிக்கிறோம். தேங்காய் நாரைச் செடி அடியில பரப்பலாம். சிரட்டை மட்டும் வேணாம், தண்ணி நின்னா ஏடிஸ் கொசு. வாட்சாப்ல சுத்தற உப்பு-வினிகர் வைத்தியமும் வேணாம், உப்பு மண்ணையே கெடுத்துடும்.

வர்ற ஞாயிறு காலை 7.30-க்கு கோத்தோங் ரோயோங். மண்வெட்டி, கையுறை இருக்கறவங்க கொண்டு வாங்க. காலைப் பசியாறல் ஆலயத்திலேயே.