கூடத்தில் இரண்டு மெலிந்த தூண்கள்

எங்கள் இல்லத்தின் கூடம் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. ஒரு கட்டில், ஓர் அலமாரி, தையல் இயந்திரம், அப்பாவின் சாய்வு நாற்காலி ஆகியவை போக எஞ்சுவது, பாய் விரித்து நால்வர் அமர்ந்து உண்ணும் இடமே. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே மணல்மேல் அமைந்த காட்டுப்பள்ளியில் வாழும் நாங்கள், இடத்தையும் பணத்தையும் அளந்தே புழங்கிப் பழகியவர்கள். இத்தகைய கூடத்தில் ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த இரு ஸ்பீக்கர்களை நிறுத்தப் போகிறோம் என்றதும் உற்றார் நகைத்ததில் வியப்பில்லை.

காரணம் அப்பாதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்புத் தகடு அடிக்கும் பட்டறையில் உழைத்தவர் அவர். மாலையில் வீடு திரும்பியதும் இலங்கை வானொலியைத் திருப்பிவிட்டு, கூடவே மெல்லப் பாடுவது அவர் வழக்கம். சில ஆண்டுகளாக அந்தப் பாட்டு நின்றுபோயிற்று. எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பார். பேரப் பிள்ளைகள் சிரிக்கும்போது தாமும் சிரிப்பார். ஆனால் எதற்குச் சிரித்தோம் என்று அறியார். ஓயாத பேரொலியில் உழைப்போரின் செவி முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளையே என்று மருத்துவர் விளக்கினார். ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் அத்தகைய உயர்ந்த ஒலிகளே. காதுக் கருவி பொருத்தச் சொன்னார். "நான் என்ன செவிடனா?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார்.

கருவி வேண்டாமெனில் நல்ல ஸ்பீக்கராவது வாங்குவோம் என்று, சீட்டுப் பணம் 40,000 ரூபாயை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். மீஞ்சூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, வானொலி உதிரிபாகங்களுக்குப் பேர்பெற்ற ரிச்சி தெருவை அடைந்தோம். அப்பாவையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். பையில் ஓர் அளவு நாடாவும் இருந்தது. நாற்காலியில் அமர்ந்த நிலையில் அப்பாவின் காது தரையிலிருந்து 35 அங்குல உயரத்தில் இருப்பதை முந்தின இரவே அளந்து குறித்திருந்தோம்.

மெலிந்த, தரையில் நிற்கும் வகையை நாடியது அழகுக்காக அன்று. சிறிய ஸ்பீக்கரை வாங்கினாலும் அதற்கொரு தாங்கி வேண்டும். தாங்கி பிடிக்கும் இடத்தைத்தான் நெட்டைப் பெட்டியும் பிடிக்கிறது. தாங்கியின்மேல் வைத்ததைப் பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். அடிப்பலகை அகன்ற நெட்டைப் பெட்டி எளிதில் சாயாது. அகலத்தில் இழந்த காற்றிடத்தை உயரத்தில் ஈடுசெய்துகொள்வதால் தாழ்ந்த ஒலிகளும் ஓரளவு கிடைக்கும். 5 அங்குல ஊஃபர்கள் இரண்டின் பரப்பு, ஏறத்தாழ 7 அங்குல ஊஃபர் ஒன்றின் பரப்புக்குச் சமம்.

கடைக்காரர் முதலில் காட்டிய ஜோடி 38,000 ரூபாய். முரசு ஒலித்தபோது தரையே அதிர்ந்தது. எங்கள் மகன் கைகொட்டினான். நாங்களும் மயங்கிப் பணப்பையைத் திறக்க இருந்தோம். அப்போது அப்பா மெல்லச் சொன்னார்: "பாட்டு பெரிதாகத்தான் கேட்கிறது; சொல்தான் கேட்கவில்லை."

அந்த ஒரு சொல் எங்கள் கண்ணைத் திறந்தது. அந்த ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலி தரும் டிவீட்டர் 42 அங்குல உயரத்தில் இருந்தது. உயர்ந்த ஒலி டார்ச் விளக்கின் ஒளிபோல நேராகப் பாய்வது. அப்பாவின் தலைக்கு மேலாக அது போய்க்கொண்டிருந்தது. மேலும், 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் அளவில் தானே முழங்கும் இயல்புடையது. கடையின் அகன்ற இடத்திலேயே அதிர்ந்த அடியொலி எங்கள் கூடத்தில் சொற்களை விழுங்கியிருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரையும் தட்டியிருக்கும்.

அடுத்துக் கேட்ட ஜோடி 24,000 ரூபாய். டிவீட்டர் 36 அங்குலத்தில் இருந்தது. காற்று வெளியேறும் துளை முன்பக்கம் அமைந்திருந்ததால் சுவரை ஒட்டி வைப்பதில் தொல்லை குறைவு. ஊஃபரின் விளிம்பு ரப்பராலானது. உப்பும் ஈரமும் கலந்த எங்கள் ஊர்க் காற்றில் நுரை விளிம்பு விரைவில் உதிர்ந்துவிடும். முன்னதன் உணர்திறன் 86 டெசிபல், இதனுடையது 89. மூன்றுதானே வேறுபாடு என்று எண்ணலாகாது. அதே ஒலிக்கு இதற்குப் பாதி வாட் போதும். எங்களிடமிருந்த பழைய ஆம்ப்ளிபயரே இதை இயக்கிவிடும். முரசு அத்தனை அதிரவில்லை. மகன் முகம் சுளித்தான். ஆனால் பாடகியின் குரல் இரு பெட்டிகளுக்கும் நடுவே வந்து நின்றது. 1931-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளும்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியதன் பயனை அன்றுதான் உணர்ந்தோம்.

அப்பா முன்னால் சாய்ந்து கேட்டார். பாதிச் சொற்கள் வந்தன, பாதி வரவில்லை. "இதற்குமேல் பெட்டியைக் குறை சொல்லலாகாது" என்றார். சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்தபின், "மீதிப் பணத்துக்கு அந்தக் காதுக் கருவி வருமா, கேட்டுப் பாருங்கள்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம்; பேச நா எழவில்லை.

எஞ்சிய 16,000 ரூபாயில் ஒரு காதுக்கான கருவி வந்தது. முதல் வாரம் பாத்திர ஓசை கூசுகிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். பின்னர் பழகிப்போயிற்று. ஸ்பீக்கர்களை ஆறடி இடைவெளியில் நிறுத்தி, நாற்காலியையும் அதே தொலைவில் போட்டோம். கூரிய கால்கள் தரையைக் கீறாதிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நாணயம் வைத்தோம். இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலே சட்டம் வகுத்த வரம்பு. ஆதலால் அதற்கு முன்பே அணைத்துவிடுகிறோம்.

வாசகர்களே, ஸ்பீக்கர் வாங்கச் செல்வோர் விலைச் சீட்டைப் பார்க்குமுன் கேட்கப்போகிறவரின் காது உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற வாரம் பேத்தி ஏதோ சொல்ல, எல்லோருக்கும் முன்பாக அப்பா சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்று இம்முறை அவருக்குத் தெரிந்திருந்தது.