எட்டாத இருக்கை

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார்கள். அந்தக் கடுகு மோட்டார் சைக்கிள் ஓட்டப் போனால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்த அனுபவத்தையே இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

என் ஊர் பந்தல்குடி. உயரம் 148 சென்டிமீட்டர். அய்யா கரிமூட்டம் போடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு அய்யாவின் முழங்கால் பழுதுபட்டு, அவருடைய ஸ்பிளெண்டர் திண்ணையோரம் நின்றுவிட்டது. இயற்பியல் செய்முறை வகுப்பு முடிந்து, பேருந்து பிடித்து நான் வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். "படிச்சது போதும்" என்ற பேச்சு வீட்டில் மெல்ல எழுந்தது. உரிமம் எடுத்து அந்த வண்டியை நானே ஓட்டுவது என்று துணிந்தேன்.

ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். ஓடும்போது தொல்லையில்லை, நிற்கும்போதுதான் தொல்லை. கால்விரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. ஒரு மழை நாளில், எதிரே வந்த லாரிக்காகச் சாலையோரம் ஒதுங்கி நின்றேன். கரிசல் சேற்றில் விரல் வழுக்க, வண்டியோடு சாய்ந்தேன். ஈர்ப்பு மையத்தின் செங்குத்துக்கோடு அடித்தளத்தை விட்டு விலகினால் பொருள் கவிழும் என்று தேர்வில் எழுதியவள், அன்று அதைச் சேற்றில் படித்தேன்.

மெக்கானிக் அண்ணனிடம் யோசனை கேட்டேன். "பின்னாடி குட்டை ஷாக் அப்சார்பர் போட்டா இறங்கிரும் தாயி. ஆனா வேகத்தடையில அடி தட்டும். சைடு ஸ்டாண்டு நீளமாப் போயி வண்டி நிமிந்து நிக்கும், லேசாத் தொட்டாலே மறுபக்கம் சாயும்" என்றார். பின்புறம் மட்டும் தாழ்ந்தால் முன் போர்க்கின் சாய்வு மாறி, வண்டி திரும்பும் தன்மையும் மாறும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆகவே ஷாக்கைத் தொடவில்லை.

குஷன் கடைக்குப் போனோம். இருக்கையின் நுரையில் 3 சென்டிமீட்டர் அறுத்தார்கள். அதைவிடப் பயன் தந்தது, முன்பக்கத்தின் இரு ஓரங்களையும் சீவியது. இருக்கை அகலமானால் கால்கள் விரிந்து இறங்கும். நீளத்தில் ஒரு பகுதி வீணாகும். ஒடுக்கினால் கால் நேராக இறங்கும். "இன்னும் அறுங்கள்" என்றேன். "அடித்தகடு குத்தும்மா" என்று மறுத்துவிட்டார். இப்போது இரு பாதங்களின் முன்பாதியும் தரையில் பதிகின்றன. நிறுத்தும்போது இடக்காலை முழுதாக ஊன்றி, வலக்காலைப் பிரேக்கில் வைத்துக்கொள்கிறேன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு பைக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. பொருந்தாத வண்டியில் நம் பெண்கள் ஏறியது இது முதல் முறையன்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. பெண்கள் சைக்கிள் போதாதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே அவர்கள் ஏறினார்கள்.

சென்ற மாதம் அய்யாவை மருத்துவமனைக்குப் பின்னால் உட்காரவைத்து அழைத்துச் சென்றேன். "சீட்டு முன்ன மாதிரி மெத்துனு இல்லையே" என்றார். படிப்பை நிறுத்தும் பேச்சை மட்டும் அதன்பின் எடுக்கவில்லை.

தோழர்களே, எட்டவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் எட்டவில்லை என்று முதலில் அளந்து பாருங்கள்.