யாரை மாறச் சொல்கிறோம்?

"உன்னை மாத்திக்கிறது உன் கையிலதாம்மா இருக்கு." குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை தேடிப் போன பெண்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. உளவியல் மாணவியாக இருந்தபோது இந்தக் கருத்தின் மூலத்தைப் பாடமாகவே படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் வில்லியம் கிளாசர் 1965இல் வெளியிட்ட 'ரியாலிட்டி தெரபி' அது. பழையதைக் கிளறாமல், உனக்கு என்ன வேண்டும், அதற்கு இப்போது என்ன செய்கிறாய், அது பலன் தருகிறதா, இனி என்ன செய்யலாம் என்று கேட்கும் முறை. கலிபோர்னியாவின் வென்சுராவில், சிறைப்பள்ளியில் இருந்த இளம்பெண்களிடையே வேலை செய்தபோது அவர் இதை வளர்த்தெடுத்தார்.

1998இல் வந்த 'சாய்ஸ் தியரி'யில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: நம்மால் கட்டுப்படுத்த முடிவது நம் நடத்தையை மட்டுமே, பிறரை மிரட்டியும் தண்டித்தும் வழிக்குக் கொண்டுவர நினைப்பதே உறவுகளைக் கெடுக்கிறது. முதல் பாதி பெண்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாம் பாதியை ஆண்களிடம் யாரும் சொல்வதில்லை.

எங்கள் அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாயை வீட்டுக்காரர் ஓட்டிப்போய் விற்பார், வெறுங்கையோடு திரும்புவார். பணம் எங்கே என்றால் அடி. "அவர் குணம் தெரிஞ்சும் ஏன் கேக்குற?" என்றார்களாம் ஆலோசனை சொன்னவர்கள். அடிப்பது அவருடைய தேர்வு என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் கிளாசரின் கேள்வியையே கேட்டேன். "உங்களுக்கு என்னக்கா வேணும்?"

"ஆடு என்னுது பாப்பா. நான்தான் விக்கணும்."

மகளிர் குழுவில் இருவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த சந்தைக்கு அவரே போனார். அடி விழுந்தால் 181ஐ அழைப்பது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுப்பது என்பதும் சேர்த்தே முடிவானது. கூடப் போன இருவர் இல்லாவிட்டால் அந்தத் தேர்வே அவருக்கு இருந்திருக்காது.

வேடசந்தூர்ப் பக்கத்து ஆடை ஆலையிலும் இதைப் பார்த்தோம். 2021இல் அங்கே வேலை பார்த்த பெண் ஒருவர் கொல்லப்பட்டார். 2022இல் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டது. தொல்லைகளைக் கவனித்துச் சொல்ல, தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். சகித்துக்கொள்ளப் பழகு என்று அந்த ஒப்பந்தம் அவர்களிடம் சொல்லவில்லை; மாற வேண்டியது ஆலைதான் என்றது.

இனி யாராவது "நீதான் மாறணும்" என்றால், "சரி, அவரை என்னைக்குக் கூப்பிடப் போறீங்க?" என்று கேளுங்கள்.