வழுக்காத வழுக்குப்பாறை

பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லாத இடங்கள் உலகிற் பல உள. அவற்றுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, மோவாப் என்னும் சிறு நகருக்குக் கிழக்கே, கொலறாடோ ஆற்றுக்கு மேலாக உயர்ந்து கிடக்கும் செம்மணற் பாறைப் பரப்பு. ‘ஸ்லிக்றொக்’ என்று அதனை அழைக்கின்றனர். வழுக்குப்பாறை என்பது பொருள். முற்காலத்தில் அங்கு வந்து குடியேறியவர்களின் குதிரைகள் இரும்பு லாடம் அணிந்தவை. வண்டிச் சில்லுகளுக்கும் இரும்புப் பட்டம். இரும்பு அப்பாறையிற் பற்றாமல் வழுக்கியது, பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால், றப்பர்ச் சில்லோடு செல்பவனுக்கு அது வழுக்குவதேயில்லை. தச்சன் மரத்தை மினுக்கும் மண்கடதாசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதனைப் பல மைல் தூரத்துக்கு விரித்துவிட்டாற் போன்றது அப்பாறை. நின்றால் தலைசுற்றும் சரிவுகளிற்கூடத் துவிச்சக்கர வண்டியின் ரயர் பல்லிபோல ஒட்டிக்கொண்டு ஏறுகின்றது. மழை பெய்து நனைந்திருக்கும் வேளையில் மட்டும் இந்த உறுதிமொழி செல்லாது.

இப்பாறை பிறந்த கதை பழமையானது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் பெரியதொரு மணற்பாலைவனமாக இருந்தது. காற்று மணலை அள்ளி அள்ளிக் குன்றுகளாகக் குவித்தது. அக்குன்றுகள் ஒன்றன்மேலொன்றாகப் புதையுண்டன. நிலத்தடி நீரிற் கரைந்து வந்த கனிப்பொருள்கள் மணல்மணிகளை ஒட்டவைக்க, எல்லாம் கல்லாய் இறுகின. நவஹோ மணற்கல் என்று அதற்குப் பெயர். பாறையின் பக்கங்களிலே மெல்லிய கோடுகள் சாய்ந்து சாய்ந்து ஓடுவதைக் காணலாம். அக்காலத்துக் காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பதை அக்கோடுகளைக் கொண்டே அறிஞர்கள் சொல்லிவிடுகின்றனர். இன்று நாம் காணும் மேடுபள்ளங்கள் மழையும் பனியும் காற்றும் பின்னர் அரித்துச் செதுக்கியவை. ஆயினும் தூரத்தே நின்று நோக்குபவனுக்கு, கடலொன்று அலையெறிந்த நிலையிலேயே உறைந்து போனது போலத் தோன்றும். அதன் பின்னணியிலே 12,000 அடிக்கு மேல் உயர்ந்த லா சால் மலைகள் பனி முடியோடு நிற்கின்றன.

மோவாப் என்ற பெயர் நம்மிற் பலருக்குப் புதிதன்று. விவிலியத்தில் வரும் மோவாப் தேசத்தின் பெயரே இந்நகருக்கும் வைக்கப்பட்டதென்பர். பழத்தோட்டங்களும் மாட்டுப் பட்டிகளுமாக இருந்த இவ்வூர், 1952ஆம் ஆண்டிலே சாள்ஸ் ஸ்ரீன் என்பவர் நகருக்குத் தெற்கே யுரேனியம் கண்டெடுத்ததும் ஒரே இரவில் பணக்கார ஊராயிற்று. அணுகுண்டுப் போட்டி நடந்த காலம் அது. பின்னர் அந்தத் தேவை குறைந்தது; 1984இல் ஆற்றங்கரையிலிருந்த யுரேனிய ஆலையும் மூடப்பட்டது. சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேலை தேடி வெளியூர் சென்றன. அந்நாட்களிலேதான், 1983ஆம் ஆண்டில், நகரில் ஒரு துவிச்சக்கர வண்டிக் கடை திறக்கப்பட்டது. ஆள் இல்லாமற் போகும் ஊரிலே இத்தகைய கடையா என்று சிரித்தவர்களும் இருந்திருக்கக்கூடும். இன்று அவ்வூரின் சோற்றுக்கு வழி சொல்பவற்றுள் அந்த இரண்டு சில்லும் ஒன்று.

மலைவண்டி என்று நாம் சொல்லும் இத்துவிச்சக்கர வண்டி மோவாப்பிற் பிறந்ததன்று. கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள மலைப்பகுதியிலே, 1970களில் சில வாலிபர்கள் பழைய தடித்த ரயர் வண்டிகளைச் சீராக்கி மலைச்சரிவுகளிற் பாயத் தொடங்கினர். 1976ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர்கள் நடத்திய முதற்பந்தயத்தின் பாதை 2 மைலளவே. இறக்கமோ 1,300 அடி. கீழே வந்து சேர்வதற்குள் பின்சில்லின் பிறேக் சூடேறி, அதனுள்ளிருந்த கொழுப்பு புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொழுப்பு அடைக்க வேண்டியிருந்தமையால், ‘மீள அடைத்தல்’ என்ற பொருளில் ‘றீபக்’ என்றே அப்பாதை பெயர் பெற்றது. ஜோ பிறீஸ், கரி பிஷர், சாள்ஸ் கெலி, ரொம் றிச்சி ஆகியோர் அக்கூட்டத்தினர். விளையாட்டாகத் தொடங்கியது 1996இல் ஒலிம்பிக் அரங்குவரை சென்றது.

வழுக்குப்பாறைப் பாதை அதற்கும் முந்தியது. 1969ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்காகவே அது குறிக்கப்பட்டது. வெறும் பாறையிலே தடம் பதியாதல்லவா? ஆகவே, பாறைமேல் வெள்ளைப் பூச்சினாற் சிறு சிறு கோடுகள் தீட்டியிருக்கின்றனர். அக்கோடுகளை விட்டு விலகினால் எங்கே போய் நிற்போமென்று சொல்வதற்கில்லை. சில இடங்களிற் பாறை முடியும் விளிம்புக்குக் கீழே நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற் பள்ளத்தாக்கு வாய் பிளந்து கிடக்கின்றது. பெருவளையம் சுமார் 10 மைல். பத்து மைல்தானே என்று எண்ணற்க. கற்றவர்களுக்கே மூன்று நான்கு மணித்தியாலம் பிடிக்கும். புதியவர்களுக்கெனப் பயிற்சி வளையம் ஒன்றும் உண்டு. ஏறக்குறைய 2 மைல். தூரந்தான் குறைவேயன்றி, கடுமை குறைவில்லை. பெயர் வைத்தவர்கள் இங்கும் நம்மை ஏமாற்றியிருக்கின்றனர்!

அப்பயிற்சி வளையத்தை யான் கால்நடையாகவே சுற்றினேன். சில்லின்மேற் சென்றவள் என் தமக்கையின் மகள். அயல் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிற் கற்பவள். சென்ற ஆண்டு இதே வளையத்தில் ஒரு பாறைப்படியில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டவள். இம்முறை அவள் மீண்டும் அவ்விடம் போவதை எவ்வாறாயினும் தடுத்துவிட வேண்டுமென்று, கொக்குவிலிலிருந்து தமக்கையார் தொலைபேசி மூலம் எனக்கு ஆணையிட்டிருந்தார். ஒக்டோபர் மாதத்துக் காலை. வெயில் இதமாக இருந்தது. கோடையில் அங்கு வெப்பம் 100 பாகை பரனைட்டைத் தாண்டும். பாதையில் எங்கும் குடிநீர் இல்லை. நாம் ஆளுக்கு மூன்று போத்தல் நீர் சுமந்து சென்றோம்.

அந்தப் பாறைப்படியைக் கண்டபோது, தமக்கையாரின் அச்சம் நியாயமானதே என்று எனக்குத் தோன்றிற்று. யானையின் முதுகு போல வளைந்து இறங்கும் சரிவு. அதன் முடிவிலே, முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்திற் செங்குத்தான ஒரு வெட்டு. வெட்டின் கீழ் ஒரு கோல் அகலமே உள்ள தட்டைப் பாறை, வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கத்தில், கிண்ணம் போன்ற குழியிலே மணல் தேங்கிக் கிடந்தது. பார்வைக்குப் பஞ்சு போன்ற அந்த மணலே மிகப் பொல்லாதது. பாறை சில்லைப் பற்றிக்கொள்ளும். மணலோ சில்லை விழுங்கிவிடும்.

“சென்ற வருஷம் இதில்தான் விழுந்தாயோ, பிள்ளை?”

“ஓம் மாமா. விளிம்பிலே பயந்துபோய் முன்பிறேக்கைப் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கோ, நான் பார்க்கவேணும்.”

வண்டியைப் படுக்க வைத்துவிட்டு, அவள் கீழே இறங்கி நின்று படியை அண்ணாந்து பார்த்தாள். பின் மேலேறி, குந்தியிருந்து பார்த்தாள். எந்த இடத்தில் விளிம்பு சற்றுத் தேய்ந்து உருண்டிருக்கின்றது, முன்சில்லு எங்கே போய்த் தொடும், தொட்ட பின் உருள்வதற்கு எவ்வளவு இடமுண்டு என்பவற்றையெல்லாம் காலடியால் அளந்தாள். யான் எண்ணியது போல இது வெறும் துணிச்சலின் காரியமன்று. பாதியும் நில அளவையாளன் வேலை.

செய்முறையை அவள் சொல்லித் தந்தவாறே தருகிறேன். இருக்கையைத் தாழ்த்திவிட வேண்டும். இக்கால வண்டிகளிற் கைப்பிடியிலுள்ள சிறு நெம்பைத் தட்டினால் அது தானே தாழ்கின்றது. இரு மிதிகளும் சமமட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் விளிம்பிலே தட்டும். உடலின் பாரம் பின்னே போக, கைகள் முன்னே நீளவேண்டும். முன்சில்லு விளிம்பைக் கடக்கும் கணத்தில் முன்பிறேக்கைப் பிடித்தால், அச்சில்லையே அச்சாகக் கொண்டு வண்டியும் ஆளும் தலைகீழாகச் சுழல்வர். வேகமுமோ கூடாது, நிற்றலுமோ கூடாது. இவையனைத்திலும் கடினமானது பார்வை. அஞ்சும் பொருளையே கண் நாடும். கண் நாடிய இடத்துக்கே வண்டியும் போகும். எனவே, படியை நோக்காமல் அதற்கு அப்பாலுள்ள வெள்ளைக் கோட்டை நோக்க வேண்டுமாம்.

பேர்பெற்ற வீரர்க்கும் இத்தகைய இடங்களில் இடறல் நேர்வதுண்டு. 2021ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி, யப்பான் நாட்டின் இசு நகரத்தில் ஒலிம்பிக் மலைவண்டிப் பந்தயம் நடைபெற்றது. ‘சக்குறா’ என்ற செர்ரிப் பூவின் பெயரைத் தாங்கிய பாறை இறக்கம் ஒன்று அங்கே இருந்தது. பயிற்சி நாட்களில் அதன்கீழ் ஒரு பலகைச் சாய்வு வைக்கப்பட்டிருந்தது. பந்தயத்தன்று அது இல்லை. பலகை இருக்குமென்றே நினைத்துவந்த ஒல்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூல், முதற்சுற்றிலேயே முன்சில்லு அந்தரத்தில் தொங்கக் கீழே வீழ்ந்தார். பின்னர் பந்தயத்தை விட்டும் விலகினார். தங்கம் பிரித்தானியாவின் தோமஸ் பிட்கொக்குக்குச் சென்றது. அவ்விறக்கத்தைத் தாண்டுவது வான் டெர் பூலுக்கு ஒரு பொருட்டேயன்று. இல்லாத பலகையொன்று அவர் மனதில் இருந்தது, அவ்வளவே.

எங்கள் படிக்கு வருவோம். முதன்முறை அவள் விளிம்புவரை வந்து நின்றுவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. இடையிலே, நரைத்த தாடியோடு ஒரு முதியவர் வந்தார், படியைப் பார்த்தார், எவ்விதத் தயக்கமுமின்றி வண்டியைத் தோளிற் போட்டுக்கொண்டு நடந்து இறங்கிப் போனார். அவர் முகத்தில் வெட்கம் சிறிதும் இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. “அதோ பார், எவ்வளவு அழகாகப் போகிறார்!” என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கீழே நின்று, விழுந்தால் என்னைத் தாங்குங்கோ, வண்டியைத் தாங்கவேண்டாம் என்றாள். யான் பள்ளத்தின் பக்கமாகக் காலூன்றி நின்றேன். மூன்றாம் முறை வந்தாள். சரிவிலே ரயர் உராயும் ஓசை கேட்டது. முன்சில்லு விளிம்பில் இறங்கியது, கைகள் நீண்டன, பின்சில்லு ‘டப்’ என்று விழுந்தது. அவ்வளவுதான். என்னைக் கடந்து, வெள்ளைக் கோட்டின்மேல் இருபது முழம் சென்று நின்று, ஒரு போத்தல் நீரையும் ஒரேயடியாகக் குடித்துத் தீர்த்தாள். கை நடுங்கியதால் பாதி நீர் சட்டையிற் போயிற்று.

அதற்கு அடுத்த ஏற்றம் அவளை வென்றுவிட்டது. அதனைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். அதுபற்றி அவளுக்குக் கவலையிருந்ததாகத் தெரியவில்லை.

மேட்டின் உச்சியிலே, பாறைக் குழியொன்றில் மழைநீர் தேங்கியிருந்தது. குனிந்து பார்த்தால், கண்ணாடி போன்ற உடலோடு சிறு கூனிகள் மல்லாந்து நீந்துகின்றன! ஆறு எங்கோ ஆழத்திற் கிடக்க, இந்த வெறும் பாறையில் அவை எவ்வாறு வந்தன? நீர் வற்றும்போது அவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணோடு கிடக்குமாம். வெயிலையும் உறைபனியையும் ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்து, அடுத்த மழையிற் பொரித்து, நீர் வற்றுவதற்குள் வளர்ந்து முட்டையிட்டு மடியுமாம். அக்குழிகளிற் சில்லை விடுவதோ கால் கழுவுவதோ ஆகாது. பாறைகளுக்கிடையே கறுத்த பொருக்குப் போலத் தெரியும் மண்ணையும் மிதிக்கலாகாது. நுண்ணுயிர்களும் பாசிகளும் மணலைக் கட்டி வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு சில்லுத் தடம் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வெள்ளைக் கோட்டை விட்டு விலகாமைக்கு இது இன்னுமொரு காரணம்.

பிற்பகல் அவள் பெருவளையத்துக்குத் தனியே போகாமல், அங்கு வந்திருந்த மாணவர் குழுவொன்றோடு போனாள். யான் மோட்டார் வண்டியின் நிழலிற் காத்திருந்தேன். நான்கு மணித்தியாலங் கழித்துத் திரும்பியபோது முழங்கையிலே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எந்தப் பாறையில் என்று பதறிக் கேட்டேன்.

“பாறையில் இல்லை, மாமா. இதோ, வாசலில் கிடக்கிற இந்த மணலில்தான்.”