ஆயிரம் முகங்கள், ஒரு மொழி

1920களில் அமெரிக்காவில் ஒரு நகைச்சுவை ஊரெங்கும் உலவியது. தரையில் சிலந்தி ஊர்ந்து போனால், "மிதித்துவிடாதே, லான் சேனியாக இருந்தாலும் இருக்கும்!" என்பார்களாம். கூனன், கால் இழந்தவன், கோமாளி, கிழவி என்று எந்த உருவத்திலும் வந்து நிற்கக்கூடியவர் அந்த ஊமைப்பட நடிகர். 'ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதர்' என்பது ரசிகர்களிடையே அவருக்கு நிலைத்த பெயர்.

ஒப்பனைக்கலையில் அவரை மிஞ்ச அன்று ஆளில்லை. 1929இல் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் ஒப்பனை பற்றிய கட்டுரையே அவர் பெயரில்தான் வந்தது. ஆனால், அவர் படங்களைத் தேடித் தேடிப் பார்க்க என்னைத் தூண்டியது அந்த ஒப்பனை அல்ல. அவர் வளர்ந்த வீடு.

லான் சேனி 1883 ஏப்ரல் 1ஆம் தேதி கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. அம்மாவைப் பெற்ற தாத்தாதான் 1874இல் கொலராடோவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி உருவாகக் காரணமாக இருந்தவர். வீட்டில் எல்லாப் பேச்சும் கையால்தான். சேனி சிறுவனாக இருந்தபோதே அம்மா வாத நோயில் படுத்த படுக்கையானார். பையன் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டான். தெருவில் யார் யாரைப் பார்த்தானோ, என்னென்ன நடந்ததோ, அதையெல்லாம் கட்டிலருகே நின்று அம்மாவுக்கு நடித்துக் காட்டுவான். அவனுடைய முதல் ரசிகை, கட்டிலை விட்டு எழ முடியாத, காது கேளாத ஒரு தாய்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று என் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போனது. பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் காது கேளாத பெண்பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்பினார்கள்? முறையான சைகை மொழியெல்லாம் அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கென்றே ஒரு கைமொழி உண்டு. நெற்றியில் பெரிய வட்டம் போட்டால் பாட்டி. மூக்கின் கீழ் இரு விரல்களால் நீவினால் தாத்தா. கட்டைவிரலைக் கீழே கவிழ்த்து உதட்டைப் பிதுக்கினால், குழம்பில் உப்பு இல்லை என்று பொருள்.

பத்து வயதிலேயே நான் பெரியம்மாவின் வாயாகிவிட்டேன். கடைக்கு, வங்கிக்கு, கிளினிக்குக்கு என்று எங்கே போனாலும் கூடவே போவேன். ஒரு டாக்டர் பெரியம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எங்கே வலிக்குதாம்? கேட்டுச் சொல்லு" என்று என்னிடமே பேசி முடித்தார். வெளியே வந்ததும் பெரியம்மா அந்த டாக்டரை அப்படியே நடித்துக் காட்டினார். சரிந்த கண்ணாடி, பேனாவைத் தட்டும் விரல், நிமிராத தலை. சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சிரித்து முடித்த பிறகுதான் அவர் கண்ணில் இருந்த கோபம் தெரிந்தது.

சேனியின் நடிப்பில் நான் பார்ப்பது இதைத்தான். ஒரு மனிதனைக் கூர்ந்து கவனித்து, சொல்லே இல்லாமல் இன்னொருவருக்குப் புரிய வைப்பது. நடிப்புப் பள்ளியில் அல்ல, தேவையில் கற்ற வித்தை அது.

அந்த வித்தைக்குச் சோறு போட சினிமா உடனே முன்வரவில்லை. 1902இல் நாடகத்தில் சேர்ந்து ஊர் ஊராக அலைந்தார். 1913இல் பாடகியான மனைவி தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அந்த அவப்பேச்சில் நாடக மேடையின் கதவு சேனிக்கு அடைபட்டது. ஏழு வயது மகனை வைத்துக்கொண்டு யுனிவர்சல் ஸ்டூடியோவில் சில்லறை வேடங்களுக்கு நின்றார். இன்று எந்த வேடத்துக்கு ஆள் வேண்டுமோ, ஒப்பனைப் பெட்டியைத் திறந்து அந்த ஆளாகவே மாறிவிடுவார்.

1919இல் 'தி மிராக்கிள் மேன்' படத்தில் முடவனாக நடித்து ஏமாற்றும் ஒரு மோசடிக்காரனாக வந்தார். நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு 'தி பெனல்டி'யில் இரு கால்களும் இழந்தவனாக நடிக்க, கால்களைப் பின்னால் மடக்கித் தோல்வாரால் கட்டி, முழங்காலாலேயே நடந்தார். 1925இல் வெளியான 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில் முகமூடி கழலும் காட்சி இன்றும் தூக்கிவாரிப்போடும்.

இதில் உறுத்தும் பக்கமும் இருக்கிறது. 'மிஸ்டர் வு' போன்ற படங்களில் ஒப்பனை போட்டுச் சீனராக நடித்தார். சீனக் கலைஞர்களுக்கு முக்கிய வேடங்கள் அரிதாகவே கிடைத்த காலம் அது. உடல் குறை உள்ளவர்களின் வேடத்தையும் குறையில்லாத ஒருவர்தான் போட்டார். இன்றைய பார்வையில் இவற்றைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் அவர் கூனனைக் காட்டிச் சிரிக்க வைக்கவில்லை. அந்த உடலுக்குள் ஆசையும் அவமானமும் உள்ள ஒருவன் இருக்கிறான் என்பதை மறக்க விடவில்லை.

போன தீபாவளி விடுமுறையில் பெரியம்மாவோடு உட்கார்ந்து 1923இல் வந்த 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்' பார்த்தேன். விக்டர் ஹ்யூகோவின் கதை. தேவாலய மணியடிக்கும் கூனன் குவாசிமோடோவாகச் சேனி. இடையிடையே வரும் ஆங்கில எழுத்து அட்டைகளை மட்டும் நான் கையால் சொன்னேன். மற்றதற்கெல்லாம் நான் தேவைப்படவில்லை. குவாசிமோடோவை ஊர் நடுவே கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்கிறார்கள். எஸ்மரால்டா என்ற பெண் வந்து தண்ணீர் கொடுக்கிறாள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையைக் காட்டி, தன் காதைத் தொட்டு, கையை விரித்தார். இவனுக்கும் கேட்காதா?

ஆமாம். கதைப்படி, மணியோசையே அவன் காதைச் செவிடாக்கிவிட்டது. அதை நான் சொல்லவே இல்லை. படத்தில் அதைச் சொல்லும் அட்டை வந்தபோது நான் சமையலறையில் டீ கலக்கிக்கொண்டிருந்தேன். காது கேளாதவர்களின் மகன் நடித்ததை, நூறாண்டு கழித்து, காது கேளாத ஒருத்தி தானாகவே கண்டுகொண்டார்.

ஊமைப்பட அரங்கில் காது கேட்பவரும் கேளாதவரும் சரிசமமாக உட்கார்ந்து படம் பார்த்தார்கள். 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து, பேசும் படங்கள் பெருகியதும் அந்தச் சமத்துவம் போனது. சேனியும் பேசும் படத்துக்கு எளிதில் இறங்கி வரவில்லை. கடைசியாக 1930இல் 'தி அன்ஹோலி த்ரீ' படத்தில் பேசினார். ஒரு குரலில் அல்ல. கிழவி, கிளி, பொம்மை என ஐந்து குரல்களில்! எல்லாம் என் குரல்தான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அதுவே அவருடைய கடைசிப் படம். படம் வெளியான சில வாரங்களில், 1930 ஆகஸ்ட் 26ஆம் தேதி, புற்றுநோயால் 47 வயதில் காலமானார். கடைசி நாட்களில் தொண்டையில் இரத்தம் கசிந்து குரல் போய்விட்டது. அருகில் இருந்தவர்களிடம் கைகளால் பேசினார். சின்ன வயதில் அம்மாவின் கட்டிலருகே நின்று பேசிய அதே மொழி.

அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சியவற்றில் முக்கியமானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் வீட்டில் காது மந்தமாகிப்போன தாத்தாவோ பாட்டியோ இருந்தால், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தும் ஒன்றும் புரியாமல் தூங்கிப்போகிறார் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேனியின் படம் ஒன்றைப் போடுங்கள். பின்னணி இசையையும் நிறுத்திவிடுங்கள். யார் யாருக்குக் கதை சொல்கிறார்கள் என்று பாருங்கள்.